புரோஸ்டேட் வீக்கத்துக்குச் சீன உருண்டை: எட்டுச் சரக்கா, பத்துச் சரக்கா?

கிள்ளான்வாசி | 4.2.2024, இரவு 9.40

சீன மருந்துக்கடையில் ஜின் குய் ஷென் சி வான் என்று ஒரு குப்பி கொடுத்திருக்கிறார்கள். புரோஸ்டேட் வீக்கத்துக்கு இது ஒன்றே போதும், எட்டே சரக்கு, எல்லாம் மூலிகை, பக்கவிளைவே கிடையாது என்கிறார் சின்சே (சீன வைத்தியர்). அப்பாவுக்கு வயது 71. தாம்சுலோசின் (சிறுநீர்ப்பைக் கழுத்துத் தசையைத் தளர்த்தும் மாத்திரை) 0.4 மில்லிகிராம் எடுக்கிறார். ராத்திரி நாலு தடவை எழுகிறார். சேர்த்துக் கொடுக்கலாமா?

கஷாயச்சட்டி | 4.2.2024, இரவு 11.05

குப்பியைத் திருப்பி, எத்தனை சரக்கு எழுதியிருக்கிறது என்று எண்ணுங்கள்.

ஹான் வம்சத்தின் கடைசியில் வாழ்ந்த ஜாங் ஜுங்ஜிங்கின் ஜின் குய் நூலில் இது எட்டுச் சரக்குதான். தி ஹுவாங் 8 பங்கு. ஷான் யாவ், ஷான் ஜூ யூ தலா 4. ஸே ஷியே, மு தான் பி, ஃபூ லிங் (நம்ம பறங்கிப்பட்டை) தலா 3. குய் ஜி என்கிற லவங்கக் குச்சி 1, ஃபூ ஜு 1. மொத்தம் 27 பங்கில் சூடான சரக்கு இரண்டே பங்கு. கொழுந்துவிட்டு எரிய வேண்டாம், சட்டிக்கு அடியில் சிறுதீ இருந்தால் போதும் என்பது கணக்கு. பொடித்து, தேனில் உருட்டி, மதுவோடு 15 உருண்டை, பிறகு 25 வரை, நாளைக்கு இரண்டு வேளை.

ஆனால் சீனாவில் இன்று அதே பெயரில் விற்கும் உருண்டையில் பத்துச் சரக்கு இருப்பது சகஜம். கூடுதலாக வருபவை நியூ ஷி, சே சியான் ஜு. அது உண்மையில் யான் யுங்ஹே 1253இல் எழுதிய நூலின் ஜி ஷெங் ஷென் சி வான் வகை. எட்டுச் சரக்கோடு நிற்பது குய் ஃபூ தி ஹுவாங் வான் என்ற வேறு பெயரில் விற்கும். சிறுநீர் அடைப்புக்குப் பொருத்தமானது பத்துச் சரக்கு. அந்த இரண்டும்தான் கீழ்நோக்கி இறக்கி வடிக்கிறவை.

பக்கவிளைவே கிடையாது என்பது தவறு. ஃபூ ஜு என்பது அக்கோனைட் கிழங்கு, வச்சநாபியின் சீன உறவுக்காரன். பதப்படுத்தியது என்பதால்தான் உள்ளே போகலாம்.

கிள்ளான்வாசி | 5.2.2024, காலை 7.20

எண்ணிப் பார்த்தேன். பத்து.

கஷாயச்சட்டி | 5.2.2024, காலை 8.00

நல்லதாகப் போயிற்று. கடையில் தவறாக எதுவும் கொடுக்கவில்லை, எட்டு என்று சொன்னதுதான் தவறு.

தராசு | 5.2.2024, மதியம் 1.30

ஃபூ லிங் பறங்கிப்பட்டை இல்லை. அது பைன் மரத்தின் வேரில் வளரும் பூஞ்சை. வெள்ளைக் கட்டியாக, சுண்ணாம்புக் கட்டி மாதிரி வரும். பறங்கிப்பட்டை கொடியின் கிழங்கு. அதன் உறவுதான் து ஃபூ லிங். முன்னால் ஒரு ‘து’ இருக்கிறது பாருங்கள், அதுதான் வித்தியாசம். வேலையும் வேறு.

கஷாயச்சட்டி | 5.2.2024, மாலை 4.10

ஒப்புக்கொள்கிறேன். மேலே அழிக்காமல் விட்டிருக்கிறேன், அடுத்தவரும் இதே குழியில் விழக்கூடாது. அங்காடியில் பறங்கிப்பட்டை வாங்கி இந்தக் கஷாயத்தில் போடாதீர்கள்.

மற்ற ஒப்பீடுகளையும் இங்கேயே தீர்த்துவிடலாம். நியூ ஷி நாயுருவியின் இனம், ஆனால் அதே செடி இல்லை, பயன்படுவது வேர். சே சியான் ஜு இசப்கோல் இனத்து விதை. கான் சாவ் அதிமதுரம். பு கு ஜி நம் கார்போகரிசியேதான், செடி ஒன்று. தா ஹுவாங் ரேவல்சின்னி. அந்தப் பெயரின் வாலிலேயே சீனம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ரோ குய் காசியா லவங்கப்பட்டை, தடித்தது, பெரும்பாலும் குவாங்ஷி மாநிலத்துச் சரக்கு. இலங்கைக் கறுவாப்பட்டையைப் பதிலாகப் போட்டால் மணம் இருக்கும், காரம் இருக்காது.

கஷாயச்சட்டி | 6.2.2024, இரவு 10.30

‘புரோஸ்டேட்டுக்கு இது ஒன்றே’ என்ற பேச்சுக்கு வருகிறேன்.

பழைய சீன நூல்களில் புரோஸ்டேட் என்ற உறுப்பே கிடையாது. அவர்கள் பார்த்தது நோயைத்தான்: லுங் பி. லுங் என்றால் சொட்டுச் சொட்டாகப் போவது, பி என்றால் முழு அடைப்பு. ஷென் சி வான் ஜின் குய் நூலில் இரண்டு எதிரெதிர் இடங்களில் வருகிறது. பெண்களின் பகுதியில், சிறுநீர் இறங்காமல் மூச்சுமுட்டிச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறவளுக்கு. தாகநோய்ப் பகுதியில், ஒரு படி குடித்தால் ஒரு படி கழிக்கிற ஆணுக்கு. போகாததற்கும் அதே உருண்டை, அதிகம் போவதற்கும் அதே உருண்டை! அப்படியானால் இதைப் புரோஸ்டேட் மருந்து என்று எப்படிச் சொல்வது? சிறுநீரக யாங் (உடலின் சூட்டுச் சக்தி) தளர்ந்தவருக்கான மருந்து என்றே சொல்ல வேண்டும். இடுப்பு முழங்கால் குளிர்ச்சி, வெளிறிய ஈர நாக்கு, தெளிந்த நீர், சொட்டு, வேகமில்லாமை. இந்தப் படம் இருந்தால் இந்த உருண்டை.

எரிச்சல், மஞ்சள் அடர்நீர், நாக்கின் வேர்ப்பக்கம் மஞ்சள் பூச்சு இருந்தால் இதைக் கொடுப்பது எரிகிற அடுப்பில் எண்ணெய். அங்கே பா ஜெங் சான். அல்லது, தாகமே இல்லாமல் அடைத்துக்கொண்டால், லி துங்யுவான் (1180–1251) வகுத்த ஸு ஷென் துங் குவான் வான்.

பேசினாலே மூச்சு வாங்கும், அடிவயிறு இழுத்துத் தொங்குகிற உணர்வு, மலம் இளகல் என்றால் அதே லி துங்யுவானின் பு ஜுங் யி சி தாங்.

நீர் ஓட்டம் நூலாகி இரண்டாகப் பிரிகிறது, நாக்கு ஊதா, அடிவயிற்றில் குத்தல் என்றால் ரத்தத் தேக்கம். குய் ஜி ஃபூ லிங் வான்: ஐந்து சரக்கு, சம எடை. நடைமுறையில் முதியவர்களுக்கு யாங் தளர்ச்சியும் தேக்கமும் சேர்ந்தே வரும். அதனால்தான் பத்துச் சரக்கோடு ரத்தம் அசைக்கும் வாங் பு லியூ ஷிங், தான் ஷென் எல்லாம் ஏறிவிடுகின்றன.

கஷாயச்சட்டி | 7.2.2024, காலை 6.50

துங் குவான் வானில் அளவு முக்கியம் (லியாங், ஃபென் இரண்டும் பழைய சீன எடைகள்). ஹுவாங் பாய் 1 லியாங், ஜி மு 1 லியாங், ரோ குய் 5 ஃபென். ஒரு லியாங்குக்கு 100 ஃபென், ஆக 20:20:1. குளிர்ந்த சரக்குகளை வழிநடத்த ஒரு சிட்டிகைச் சூடு. மூன்றையும் சமமாகப் போட்டுக் கொடுத்தால் அது வேறு மருந்து.

ஜி6பிடி என்சைம் குறைபாடு உள்ளவர்களுக்கு ஹுவாங் பாய் வேண்டாம், அதில் பெர்பெரின் இருக்கிறது. மஞ்சள்காமாலைக் குழந்தைகளை முன்னிட்டு சிங்கப்பூர் 1978 முதல் பெர்பெரின் சரக்குகளைத் தடுத்து வைத்திருந்தது. ஹுவாங் லியான், ஹுவாங் பாய் இரண்டுக்கும் 2013இல் தடை நீங்கியது. பழைய ஆட்கள் ‘அது தடைசெய்த சரக்கு’ என்று சொல்வது அதனால்தான்.

கிள்ளான்வாசி | 7.2.2024, இரவு 8.15

குப்பிக்குப் பதில் கஷாயமாகக் கொடுத்தால் வேகமாகக் கேட்குமா? அளவு சொல்லுங்கள்.

கஷாயச்சட்டி | 8.2.2024, இரவு 11.40

வேகம் என்பதைவிட எடை என்று பாருங்கள். செறிவூட்டிய சின்ன உருண்டை பல லேபிள்களில் 8 உருண்டை, நாளைக்கு மூன்று வேளை. 8 உருண்டை 3 கிராம் மூலச்சரக்குக்குச் சமம். ஆக நாளுக்கு 9 கிராம். 200 உருண்டைக் குப்பி எட்டு நாளில் தீரும். கஷாயத்தில் ஒரு நாள் பொட்டலமே 100 கிராமைத் தாண்டும். உருண்டை நெடுநாள் பராமரிப்புக்கு, கஷாயம் தள்ளிவிட வேண்டிய நேரத்துக்கு.

இன்றைய வழக்கத்தில் ஒரு நாள் பொட்டலம்: ஷூ தி ஹுவாங் 15 கிராம், ஷான் யாவ் 15, ஃபூ லிங் 15, சே சியான் ஜு 15, ஷான் ஜூ யூ 10, ஸே ஷியே 10, மு தான் பி 10, நியூ ஷி 10, பதப்படுத்திய ஃபூ ஜு 6, ரோ குய் 3. மொத்தம் 109. இது படித்துப் புரிந்துகொள்ள. எழுதிக் கொடுக்க வேண்டியவர் நாடி பார்க்கிறவர்.

காய்ச்சும் விதம். மண்சட்டி அல்லது எனாமல். இரும்பு, அலுமினியம் வேண்டாம். மற்றவற்றை அரைமணி குளிர்ந்த நீரில் ஊறவிடுங்கள், சரக்குக்கு மேல் இரண்டு விரல் நீர் நிற்கட்டும். ஃபூ ஜுவை மட்டும் தனியாக முதலில் கொதிக்கவிடுங்கள்: 30 முதல் 60 நிமிடம். குறைத்து நிறுத்தாதீர்கள், அதன் விஷமான அக்கோனிட்டின் உடைவது அந்தக் கொதியில்தான். இடையில் நீர் வற்றினால் சுடுநீரே சேர்க்க வேண்டும். பிறகு ஊறியவற்றைச் சேர்த்து 25 நிமிடம். ரோ குய் கடைசி ஐந்து நிமிடம், அல்லது பொடித்துக் கஷாயத்தில் கலந்து குடிப்பது. நேரம் போனால் அதன் எண்ணெய் ஆவியோடு போய்விடும். வடித்துவிட்டு இரண்டாம் நீர் ஊற்றி 20 நிமிடம். இரண்டையும் கலந்தால் 300–400 மில்லி வரும். இரண்டு வேளை.

சே சியான் ஜுவை மெல்லிய துணியில் தளர்வாகக் கட்டிப் போட வேண்டும். சும்மா போட்டால் கூழாகி அடிப்பிடித்துச் சட்டியோடு மற்ற ஒன்பதும் வீண். இறுக்கிக் கட்டினாலும் விதை உப்பி உள்ளேயே அடைத்துக்கொள்ளும்.

இரண்டாம் வேளையை மாலை நாலரை மணிக்கு முன் கொடுங்கள். நீர் வடிக்கும் சரக்கைப் படுக்கும்போது கொடுத்துவிட்டு, ராத்திரி எழுகிறார் என்று மருந்தைத் திட்டக்கூடாது.

தராசு | 9.2.2024, காலை 9.05

நியூ ஷி எது என்று எழுதவில்லையே. ஹெனானில் விளையும் ஹுவாய் நியூ ஷி சிறுநீரகத்தைத் தேற்ற; சிச்சுவானின் சுவான் நியூ ஷி ரத்தத் தேக்கத்தை அசைத்து நீரை இறக்க. யான் யுங்ஹே எழுதியது சுவான்.

கஷாயச்சட்டி | 9.2.2024, காலை 9.30

ஆமாம், சுவான். இன்னொன்றும் விட்டுப்போயிற்று. யான் யுங்ஹேவின் மூல அளவில் தி ஹுவாங் அரை லியாங் மட்டுமே. ஃபூ லிங், ஸே ஷியே, சே சியான் ஜு எல்லாம் ஒரு லியாங். ஜாங் ஜுங்ஜிங்கிடம் தலைமைச் சரக்காக இருந்த தி ஹுவாங்கை இவர் மற்றவற்றில் பாதியாகக் குறைத்து நீர்ச்சரக்கைத் தூக்கிவிட்டார். நான் மேலே எழுதிய 15 கிராம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. வீக்கமும் அடைப்பும் தூக்கலாக இருந்தால் தி ஹுவாங்கைக் குறைப்பதே யான் வழி. பிசுபிசுப்பான கறுப்புச் சரக்கு. செரிமானம் மந்தமானவருக்கு வயிறு உப்பும், மலம் இளகும். அப்போது ஷா ரென் 3 கிராம் சேர்ப்பார்கள்.

கஷாயச்சட்டி | 13.2.2024, இரவு 10.00

தனிச்செய்தியில் வந்த கேள்வி: ‘வாங் பு லியூ ஷிங் 15 கிராம் பத்து நாள் காய்ச்சியும் ஒன்றும் ஆகவில்லை.’

படம் அனுப்பியிருந்தார். கடுகு மாதிரிப் பளபளவென்று கறுப்பு விதை. வறுக்காத சரக்கு! இந்த விதையின் தோல் கல். வாணலியில் எண்ணெயில்லாமல், மிதமான தீயில் பொரிக்க வேண்டும். நெல்பொரி போல வெடித்து வெள்ளைப்பூவாகும். நூற்றில் எண்பதாவது பூத்திருந்தால்தான் சரக்கு. தீ குறைந்தால் வெடிக்காது, அதிகமானால் மேலே கரி உள்ளே பச்சை. ஒரே தடவையில் நிறையப் போட்டாலும் பூக்காது. ‘ராஜாவே நில் என்றாலும் நில்லாது’ என்று பெயர் வைத்துவிட்டு அதை விதைக்குள்ளேயே நிறுத்திவைத்தால் எப்படி?

கிள்ளான்வாசி | 14.2.2024, காலை 7.45

அப்பாவுக்குச் சளி. சின்சேயிடம் கேட்காமல் வீட்டில் இருந்த கெ கென் தாங் பொட்டலத்தைக் கொடுக்கலாமா?

கஷாயச்சட்டி | 14.2.2024, காலை 7.52

கொடுக்காதீர்கள்.

கஷாயச்சட்டி | 14.2.2024, மதியம் 12.30

காரணம்: அதில் மா ஹுவாங் இருக்கிறது. அதன் எபிட்ரின் சிறுநீர்ப்பைக் கழுத்துத் தசையை இறுக்கும். தாம்சுலோசின் எந்தத் தசையைத் தளர்த்துகிறதோ அதே தசை. வீங்கிய புரோஸ்டேட்காரர் சளிமருந்து குடித்துவிட்டு நள்ளிரவில் குழாய் போடப் போவது இப்படித்தான். மா ஹுவாங் தாங், ஷியாவ் சிங் லுங் தாங் இரண்டிலும் அதுவே. மேல்நாட்டுச் சளி மாத்திரையில் சூடோஎபிட்ரின் இருந்தாலும் இதே கதை.

தராசு | 14.2.2024, மாலை 6.20

ஆனால் ‘கூஜாவைத் தூக்கி மூடியைத் திற’ முறையில் மா ஹுவாங் போட்டே சிறுநீரைத் திறந்திருக்கிறார்களே?

கஷாயச்சட்டி | 14.2.2024, இரவு 11.10

திறந்திருக்கிறார்கள். விஷயம் தெரியாதவர்களுக்கு: எண்ணெய் டின்னில் ஒரு துளை மட்டும் போட்டால் எண்ணெய் இறங்காது, எதிர்ப்பக்கம் இன்னொன்று போட வேண்டும். நுரையீரல்தான் அந்த மேல்துளை என்பது கருத்து. ஜு தான்ஷி (1281–1358) தொண்டையைக் கிளறி வாந்தியெடுக்க வைத்தே அடைப்பைத் திறந்தார்.

கருத்து அழகு. ஆனால் அடைத்துக்கொண்டவரின் அடைப்பு எங்கே என்று பார்க்க வேண்டும். புரோஸ்டேட் கழுத்தை நெரிக்கும்போது மா ஹுவாங் மூடியைத் திறந்து குழாயை இறுக்கும். இந்த முறை வேண்டும் என்றால் ஜியே கெங், ஷிங் ரென், ஸு வான் போட்டுச் செய்யலாம். இன்றைய சின்சேக்கள் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஷிங் ரென் என்றால் கசப்பு ஆப்ரிகாட் பருப்பு, 5–10 கிராமுக்கு மேல் போகாது, சயனைடு.

கஷாயச்சட்டி | 20.2.2024, இரவு 9.30

பா ஜெங் சான் பற்றி எழுதிவிட்டு ஒரு எச்சரிக்கையை விட்டுவிட்டேன். இந்த இழையிலேயே பெரிய பிழை அதுதான்.

அதன் எட்டுச் சரக்கில் ஒன்று மு தொங். சரியான மு தொங் அகேபியா கொடித்தண்டு. ஆனால் நெடுங்காலம் அதற்குப் பதில் குவான் மு தொங் விற்றது, அது ஆடுதீண்டாப்பாளை இனம். அதிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைச் சுருக்கும், சிறுநீரகத் தொட்டியிலும் சிறுநீர் நாளத்திலும் புற்று கொடுக்கும். சீனா 2003இல் குவான் மு தொங்கை மருந்துப் பட்டியலிலிருந்து நீக்கியது. பெல்ஜியத்தில் 1990களின் தொடக்கத்தில் நடந்ததும் பெயர் மாறாட்டமே: மெலிவு மாத்திரையில் ஃபாங் ஜிக்குப் பதில் குவாங் ஃபாங் ஜி போய், நூற்றுக்கு மேற்பட்ட பெண்களின் சிறுநீரகம் கெட்டது.

ஆகவே பழைய புத்தகம் பார்த்துப் பா ஜெங் சான் கட்டாதீர்கள். ‘மு தொங்’ என்று மட்டும் சீட்டு எழுதியிருந்தால், எந்த மு தொங் என்று கேளுங்கள். கடைக்காரருக்கு விடை தெரியவில்லையென்றால் அது இல்லாமலே கட்டச் சொல்லுங்கள். ரேவல்சின்னியும் இருக்கிறது, வயிறு போகும். எரிச்சல் அடங்கியதும் நிறுத்த வேண்டும், மாதக்கணக்கில் ஓட்டும் மருந்தல்ல.

கிள்ளான்வாசி | 2.3.2024, மாலை 5.00

உறவினர் ஒருவர் குவாங்ஜோவிலிருந்து லிங் ஸே மாத்திரை, லுங் பி ஷு கேப்சூல் இரண்டும் வாங்கி வந்திருக்கிறார். மூன்றையும் சேர்த்து?

கஷாயச்சட்டி | 2.3.2024, இரவு 10.45

வேண்டாம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

லிங் ஸேயில் நாலு: வூ லிங் பூஞ்சைப்பொடி, எ ஜு, ஜெ பெய் மு, ஸே ஷியே. எதோடு எது சேரக்கூடாது என்று சொல்லும் பழைய பதினெட்டு ஒவ்வாமைப் பாட்டில் ஃபூ ஜுவும் பெய் முவும் எதிரிகள். உங்கள் குப்பியில் ஃபூ ஜு இருக்கிறது. தனித்தனிப் பெட்டியில் இருந்தாலும் வயிறு ஒன்றுதான்.

லுங் பி ஷுவில் ஆறு: பு கு ஜி, யி மு சாவ், ஜின் சியான் சாவ், ஹாய் ஜின் ஷா, அம்பர், ஷான் சி கு. பு கு ஜி, அதாவது கார்போகரிசி, சிலருக்கு ஈரலைத் தாக்கும். தொடங்குமுன்னும் ஒரு மாதம் கழித்தும் ஈரல் சோதனை. கண் மஞ்சள், நீர் தேநீர் நிறம், அரிப்பு என்றால் அன்றே நிறுத்தம்.

பு லே ஆன் மாத்திரை என்று ஒன்று கேள்விப்படுவீர்கள். முழுக்கவே கடுகினத்துப் பூவின் மகரந்தம், ஒன்றில் அரை கிராம். 3–4 மாத்திரை, மூன்று வேளை. சாது. மகரந்த ஒவ்வாமைக்காரருக்கு மட்டும் சாது இல்லை.

தராசு | 3.3.2024, காலை 10.15

வூ லிங்கும் ஜின்செங்கும் ஆகாதே, அதையும் எழுதுங்கள்.

கஷாயச்சட்டி | 3.3.2024, காலை 11.00

அகப்பட்டீர்! ஜின்செங்குக்கு ஆகாதது வூ லிங் ஜி: பறக்கும் அணிலின் புழுக்கை. லிங் ஸேயில் இருப்பது வூ லிங், கறையான் புற்றில் முளைக்கும் பூஞ்சை. மூன்றாவதாக வூ லிங் சான் இருக்கிறது, ஃபூ லிங் சேர்ந்த ஐந்து சரக்குச் சூரணம். சீன எழுத்தில் மூன்றும் வேறு வேறு, தமிழில் எழுதினால் மூன்றும் ஒன்று. பறங்கிப்பட்டைக்குப் பழிவாங்கியாயிற்று.

தராசு | 3.3.2024, காலை 11.04

சரி, ஒன்றுக்கு ஒன்று.

கஷாயச்சட்டி | 17.3.2024, இரவு 9.50

தாம்சுலோசின் கேள்வியை இழுத்துக்கொண்டே போய்விட்டேன். பத்துச் சரக்கு உருண்டையைத் தாம்சுலோசினோடு கொடுப்பவர்கள் சீனாவில் உண்டு. இரண்டுக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது விட்டு, முதல் வாரம் படுத்து எழும்போது இரத்த அழுத்தம் பாருங்கள். நின்றதும் 20 புள்ளி இறங்கினால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். உதடு நாக்கு மரத்தல், விரல் நுனியில் ஊசி குத்தல், நெஞ்சுப் படபடப்பு என்றால் ஃபூ ஜு. உருண்டையை நிறுத்தி நேரே அவசரப்பிரிவு. வார்ஃபரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) எடுப்பவருக்குத் தான் ஷென் சேர்க்கவே கூடாது. பயாப்சி, அறுவைக்கு முன் ரத்தம் அசைக்கும் சரக்கு எல்லாவற்றையும் மருத்துவரிடம் சொல்லி நிறுத்த வேண்டும்.

ஃபினாஸ்டரைடு (புரோஸ்டேட்டைச் சுருக்கும் மாத்திரை) எடுப்பவருக்குப் பிஎஸ்ஏ (புரோஸ்டேட்டுக்கான ரத்தச் சோதனை அளவு) ஆறு மாதத்தில் ஏறக்குறையப் பாதியாகும், மருத்துவர் அதை இரட்டித்துப் படிப்பார். மூலிகை மட்டும் எடுப்பவருக்குப் பிஎஸ்ஏ சரேலென்று விழுந்தால் சந்தோஷப்படாமல் சந்தேகப்படுங்கள். அமெரிக்காவில் பிசி ஸ்பெஸ் என்ற எட்டு மூலிகைக் கேப்சூல் புற்றுநோய்க்காரர்களின் பிஎஸ்ஏவை அப்படி இறக்கியது. உள்ளே செயற்கை ஈஸ்ட்ரோஜன், வார்ஃபரின், இண்டோமெத்தசின் கலந்திருந்தது தெரிந்து 2002இல் திரும்பப் பெறப்பட்டது.

கஷாயச்சட்டி | 18.3.2024, காலை 6.30

கேட்கிறதா இல்லையா என்று எப்படித் தெரியும்? ‘கொஞ்சம் பரவாயில்லை’ கணக்கில் வராது. ஐபிஎஸ்எஸ் என்ற புரோஸ்டேட் தொல்லைக் கேள்வித்தாளில் ஏழு கேள்வி, மொத்தம் 35 புள்ளி. 7 வரை லேசு, 8–19 நடுத்தரம், 20 முதல் கடுமை. தொடங்கும் நாளில் ஒன்று, எட்டு வாரத்தில் ஒன்று. இரண்டு மூன்று புள்ளி வெறும் மாவு மாத்திரையிலும் இறங்கும், அதை மருந்தின் கணக்கில் எழுதாதீர்கள். அமெரிக்க சா பால்மெட்டோ மூலிகை இப்படித்தான் நெடுநாள் பேர் வாங்கியது. 2006, 2011 ஆய்வுகளில் மாவு மாத்திரையைத் தாண்டவில்லை. சீனச் சரக்குகளில் நடந்த ஆய்வுகளில் பல சிறியவை, யாருக்கு எது என்பதை மறைக்காமல் செய்தவை. அதனால் ஆளுக்கு ஆள் அளந்து பார்ப்பதுதான் வழி.

முக்கியமாக, ராத்திரி நாலு தடவை. மூன்று நாள் ஒவ்வொரு தடவையும் அளவுக்குவளையில் பிடித்து எழுதுங்கள். 24 மணி நேர அளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தூக்க நேரத்தில் வந்தால் பிரச்சினை புரோஸ்டேட் மட்டும் இல்லை. இதயம், கால்வீக்கம், தூக்க மூச்சடைப்பு, மாலையில் குடிக்கும் சூப்பு எல்லாம் பார்க்க வேண்டும்.

ரத்தம் கலந்த நீர், குளிரோடு காய்ச்சல், எட்டு மணி நேரம் ஒரு சொட்டும் இல்லாமல் அடிவயிறு உருண்டு நிற்பது: இதற்குச் சட்டி அடுப்பில் ஏறக்கூடாது. குழாய்தான்.

கிள்ளான்வாசி | 31.3.2024, இரவு 8.30

அளந்தோம். பகல் 900 மில்லி, ராத்திரி 850. கணுக்காலில் விரல் வைத்தால் குழி விழுகிறது.

கஷாயச்சட்டி | 31.3.2024, இரவு 8.41

குப்பியை மூடி வையுங்கள். நாளைக்கே இதய மருத்துவரிடம் காட்டுங்கள், அந்த அளவுத் தாளையும் கொண்டுபோங்கள்.